படகோட்டிகளின் ஆறாவது கேப்டன்

மில்ஹேவன் படகோட்டிகள் அணியில் கேப்டனாக இருப்பவருக்கு என்ன வேலை என்று எவரும் எங்கும் சொல்லிவைக்கவில்லை. சொல்லிவைக்க ஒன்றும் இல்லை. மற்ற விளையாட்டுகளில் கேப்டன் காசு சுண்டுவார். யார் எங்கே நிற்க வேண்டும் என்று கையை ஆட்டுவார். தோற்ற பிறகு மைக் முன்னால் வந்து நிறையப் பாடம் கற்றுக்கொண்டோம் என்பார். பேஸ்பாலில் காசு சுண்டுவது கிடையாது. ஆளை நிறுத்துவது, மாற்றுவது, வெளியே உட்காரவைப்பது எல்லாம் மேனேஜர். பாடம் கற்றுக்கொள்வதும் அவர்தான். எங்கள் மேனேஜர் டூலி அந்தக் கோடையில் தினம் ஒரு பாடம் கற்றுக்கொண்டிருந்தார். கேப்டனுக்கு என்று மிச்சமிருப்பது சட்டையின் இடது மார்பில் 'சி' என்று ஒரு சிவப்பு எழுத்து மட்டும்.

நான் இந்த அணியின் பயண ஏற்பாட்டாளன். விமானம், ஓட்டல், பஸ், பஸ்ஸில் மறந்துவிட்டுப் போன பல் செட்டைத் திரும்ப வரவழைப்பது எல்லாம் என் பொறுப்பு. ஓர் ஆட்டக்காரரை இன்னோர் அணிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டால் அவருக்கு ஒருவழி டிக்கெட் போடுவதும் நான்தான். ஆகவே எங்கள் கேப்டன்களின் வரலாற்றை நான் ஒரு பயணக் கதையாகவே படித்திருக்கிறேன்.

முதல் கேப்டன் ஆமோஸ் டட்டில். அந்தக் காலத்தில் நடுவரோடு சண்டை போடும் உரிமை கேப்டனுக்கு மட்டும் உண்டு; டட்டில் அந்த உரிமையை வீணாக்கவில்லை. பதவிக்கு வந்த அதே கோடையில் அவரைக் கொடுத்துவிட்டு ஓர் இடதுகைப் பந்துவீச்சாளரையும், புல்வெட்டும் வண்டியை இழுக்க ஒரு குதிரையையும் வாங்கிக்கொண்டார்கள். பந்துவீச்சாளர் சோபிக்கவில்லை. குதிரை பல வருஷம் நன்றாக உழைத்தது. இரண்டாவது கேப்டன் லாயிட் ப்ரூயிட்டை விற்று ஒழுகிக்கொண்டிருந்த மேற்குக் கூரையை மாற்றினார்கள். பழைய ரசிகர்கள் மழை வந்தால் இன்னமும் 'ப்ரூயிட்டுக்கு அடியில் போய் நிற்கலாம்' என்பார்கள். மூன்றாமவர் எட்டி நோவாக் ரன்னுக்கு ஓடும் பாதையில் இரண்டாவது தளத்தில் நின்றுகொண்டிருந்தபோது தன்னை மாற்றிவிட்ட செய்தியை மைதான ஒலிபெருக்கியில் கேட்டார். நாகரிகமான மனிதர், ஓடி வந்து ரன்னை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார். நான்காமவர் கிளியன் மேப்ரியின் முகம் வைத்த பொம்மைகளை வாசலில் இலவசமாகக் கொடுத்த நாளிலேயே அவரையும் கொடுத்துவிட்டார்கள். ஐந்தாமவர் ரஸ் ஹாலோரன் என் காலத்து ஆள். ஒரே நாளில் இரண்டு ஆட்டம். முதல் ஆட்டத்தை எங்களுக்காக ஆடினார், நடுவில் எதிரணிக்கு மாற்றினார்கள், இரண்டாவது ஆட்டத்தில் எங்களுக்கு எதிராக ஹோம் ரன் அடித்தார். அவருக்கு மட்டும் நான் டிக்கெட் போடவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மைதானத்தைக் குறுக்கே நடந்து கடந்தார்.

ரசிகர்கள் இதைச் சாபம் என்கிறார்கள். சாபம் என்றால் பரிகாரமாவது இருக்கும். இது விலைச்சீட்டு. முப்பத்தாறு வயது, இரண்டு முழங்காலும் போய்விட்டது, மட்டையில் பந்து படுவது அபூர்வம் என்று ஓர் ஆட்டக்காரரைச் சொன்னால் மற்ற அணிக்காரன் போனை வைத்துவிடுவான். அதே ஆளை 'எங்கள் கேப்டன்' என்று சொல்லிப்பாருங்கள். கோப்பை வெறியில் இருக்கிற அணிகளுக்கெல்லாம் உடைமாற்றும் அறையில் ஒரு பெரிய மனுஷன் வேண்டியிருக்கிறது. மஞ்சள் தண்ணீர் தெளித்து மாலை போட்ட ஆட்டுக்குச் சந்தையில் தனி மதிப்பு.

அந்த வருஷம் எங்கள் பெரிய மனுஷனாக டெல்மர் ஹைன்ஸைத் தேர்ந்தெடுத்தவர் அணியின் முதலாளி விட்காம்ப். கராஜ் கதவு செய்து விற்றுச் சம்பாதித்தவர். அணியை வாங்கி இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அதற்குள் 'மரபு' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு விட்டார். அணி ஜூன் மாதத்திலேயே கடைசி இடத்துக்குப் போய் வசதியாக உட்கார்ந்துவிட்டது. இருக்கைகள் காலியாக இருந்தன. ஆகவே மரபு தேவைப்பட்டது. ஹாட் டாக் கடைக்கு முன்னால் இருந்த நடைக்குக் 'கேப்டன்கள் வீதி' என்று பெயர் வைத்து, தரையில் ஐந்து வெண்கலத் தகடுகளைப் பதித்தார். ஆறாவது தகடும் தயார். அதில் டெல் பெயரும் இந்த வருஷமும் ஒரு சிறு கோடும் இருந்தன. கோட்டுக்குப் பிறகு காலி இடம்.

"வரலாறு நம்மைப் பார்த்துக்கிட்டு இருக்கு, டெல்," என்றார் விட்காம்ப், பத்திரிகைக்காரர்கள் முன்னிலையில்.

டெல் தகட்டைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். பிறகு கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தார். மருத்துவமனை வராந்தாவில் பிரேதக் கிடங்கு ஊழியரைப் பார்க்கிற பார்வை.

டெல் கேட்சர். மட்டை பிடிப்பவனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்தை வாங்குபவர். பதினைந்து வருஷமாகக் குந்தியிருந்ததில் நிமிர்ந்து நிற்பது அவருக்கு விருந்தாளி வந்தால் மட்டும் செய்கிற காரியமாகிவிட்டது. லீக்கில் ஒரு விதி உண்டு: பத்து வருஷம் ஆடி, அதில் கடைசி ஐந்து வருஷம் ஒரே அணியில் இருந்துவிட்டால், அந்த ஆளை அவர் சம்மதம் இல்லாமல் எங்கும் மாற்ற முடியாது. டெல்லுக்கு இந்தப் பருவம் முடிந்தால் எங்களிடம் ஐந்து வருஷம். ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்வதற்கான கெடு ஜூலை கடைசி நாள் மாலை ஆறு மணி. அதைத் தாண்டிவிட்டால் அவர் மில்ஹேவன்காரர். தாண்டாவிட்டால் எந்த ஊர்க்காரர் என்பதை நான் ஒரு டிக்கெட்டில் படித்துச் சொல்வேன்.

புதுச் சட்டை லாக்கரில் தொங்கிய அன்று உடைமாற்றும் அறையில் எல்லோரும் இழவு வீட்டில் பேசுகிற குரலில் பேசினார்கள். வில்கின் அல்மோன்டே மட்டும் விதிவிலக்கு. டொமினிகன் குடியரசிலிருந்து வந்தவன், இருபத்துநான்கு வயது, இரண்டாவது தளத்துக்கும் மூன்றாவது தளத்துக்கும் நடுவில் நின்று பாய்ந்து பாய்ந்து பந்து பிடிப்பவன். அணியில் உருப்படியாக ஆடியது அவன் ஒருவன்தான்.

"பெருசு, உன் பார்க்கிங் இடத்துக்கு மேல ஒரு மேப்பிள் மரம் இருக்குல்ல?" என்றான்.

"இருக்கு. அதுக்கென்ன?"

"நாள் பூரா நிழல். என் கார் வெயில்ல கிடந்து சீட்டு தோசைக்கல்லு மாதிரி கொதிக்குது. போறப்ப என் பேருக்கு எழுதி வச்சிட்டுப் போ."

"நான் எங்கயும் போகலடா."

"நல்லது. போகாட்டி வேணாம். போனா எனக்கு."

இடதுகைப் பந்துவீச்சாளர் ஒருவர் டெல்லின் ஏ.சி. பக்கத்து லாக்கர் காலியாகுமா என்று கேட்டார். டெல் மறுபடியும் என்னைப் பார்த்தார். நான் சாமான்கள் ஏற்றும் வண்டியை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

அந்த ஞாயிறு டெல் என்னை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். ஏரி மீன் வறுவல், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு. அவருடைய மனைவி கோரின் கால்நடை மருத்துவர். குதிரைகளுக்குத்தான் முக்கியமாகப் பார்ப்பாள். கணவன் பின்னால் ஊர் ஊராகப் போனதில் எந்த ஊரிலும் ஒரு மருத்துவமனையில் நிலைத்து உட்கார்ந்ததில்லை. மில்ஹேவனில்தான் முதல்முறையாக ஒரு கூட்டாளியோடு சேர்ந்து, மீன் சந்தைப் பக்கத்தில், சொந்தமாக ஒன்று தொடங்கியிருந்தாள்.

"நார்ப், நேரா சொல்லு. சீட்டு போட்டாச்சா?" என்றாள், மீனை என் தட்டில் வைத்துக்கொண்டே.

"இன்னும் இல்ல கோரின்."

"'இன்னும்'னு ஒரு வார்த்தை போட்டே பாரு."

"வாய் தவறி வந்துடுச்சு."

அவள் டெல் பக்கம் திரும்பினாள். "இதோ பாரு. எத்தனை ஊரு, எத்தனை வீடு, எண்ணுறதையே விட்டுட்டேன். ஒரு வீட்டுல நான் சுவருக்கு அடிச்ச பெயின்ட் காயறதுக்குள்ள வேற ஊரு. எனக்குக் கோவம் இல்ல. ஆனா இந்தத் தடவ பெட்டி கட்டறதா இருந்தா உன் பெட்டிய மட்டும் கட்டு. நான் இங்க இருப்பேன். நீ அங்க இருப்ப. ஒருத்தருக்கொருத்தர் போன்ல குட் நைட் சொல்லிப்போம்."

"நான் என்ன பண்ணட்டும்? அவங்க கையில இருக்கு."

"உன்னை யாரும் வாங்காத மாதிரி இரு. ரொம்ப மெனக்கெட வேண்டாம். இப்ப இருக்கறதுல இன்னும் கொஞ்சம்."

இது அவளுடைய அன்பான பேச்சு. டெல்லுக்கு முகம் மலர்ந்தது.

மறுநாள் முதல் டெல் தன் விலையைக் குறைக்கும் வேலையில் இறங்கினார். வேண்டுமென்றே மோசமாக ஆடுவது என்று ஒரு வழி இருந்தது. அதை அவர் ஒருமுறைகூட வாயால் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. தோற்பதற்காக ஆடியவனோடு எங்கள் ஆட்டத்தில் யாரும் ஒரே மேஜையில் சாப்பிட மாட்டார்கள். மோசமாக ஆடுவதற்கு டெல்லுக்குத் தனி முயற்சி தேவைப்படவில்லை என்பது வேறு விஷயம். ஆகவே அவர் கேப்டன் என்ற வகையில் மட்டும் மோசமாக இருக்கத் தீர்மானித்தார்.

முதலில், ஆட்டமிழந்து வந்த கோபத்தில் தண்ணீர் டிரம்மை உதைத்தார். கால் விரல் வீங்கியது. மறுநாள் பத்திரிகையில் 'படகோட்டிகளின் அடுப்பில் ஒருவழியாக நெருப்பு' என்று தலைப்பு. பிறகு ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது பெஞ்சில் உட்கார்ந்து வாயைப் பிளந்து தூங்கினார். தொலைக்காட்சி வர்ணனையாளர் குரலைத் தழைத்துக்கொண்டு, "இந்த நெருக்கடியிலும் இந்த அமைதியைப் பாருங்கள்" என்றார். அது பதினோராவது தோல்வியோ என்னவோ. நெருக்கடி எப்போதோ முடிந்திருந்தது.

அதற்கப்புறம் விட்காம்ப் ஆட்டத்துக்கு முன் கேப்டன் வீர உரை ஆற்றுவதைப் படம் பிடிக்க கேமராக்களோடு வந்தார். அணி முழுவதும் சுற்றி நின்றது. டெல் ஒரு நாற்காலியில் ஏறுவதாக இருந்தது. முழங்கால் ஒத்துக்கொள்ளாததால் பக்கத்தில் நின்றார். பின்னால் மேஜையில் ஆட்டத்துக்கு முந்தின சாப்பாடு, ஒரு பாத்திரம் பீன்ஸ், காத்திருந்தது.

"எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல," என்றார். "பீன்ஸ் ஆறிடும். போய்ச் சாப்பிடுங்க."

அன்று பதினொரு ரன் வித்தியாசத்தில் ஜெயித்தார்கள்.

அதற்கு மறுநாளும் ஜெயித்தார்கள். 'குறைவாகப் பேசு, நிறையச் சாதி' என்று நிர்வாகவியல் பேராசிரியர் ஒருவர் டெல்லைப் பற்றிக் கட்டுரை எழுதினார். எங்கள் ஆட்டக்காரர்களுக்கு ஒரு சட்டம் இருக்கிறது: ஜெயிக்கும்போது எதையும் மாற்றக் கூடாது. எனவே தினமும் பீன்ஸ். டூலி காலுறை மாற்றவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் வெற்றிக்காகச் சகித்துக்கொண்டார்கள். பஸ் டிரைவர் முதல் நாள் வழி தவறி மீன் சந்தையைச் சுற்றி வந்திருந்தார். ஆகவே தினமும் வழி தவறச் சொல்லி நானே அவரிடம் கேட்டுக்கொண்டேன். டெல் தினமும் நின்று, அதே எரிச்சலோடு, பீன்ஸ் ஆறிடும் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

ஜூலை நடுவில் மேற்குக் கரையிலிருந்து ஒரு பெரிய அணியின் ஆட்கள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தார்கள். டெல் பந்தை அடிக்காமல் விட்டபோதும் குறிப்பெடுத்தார்கள்.

எங்கள் பொது மேலாளர் ட்ரெவர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். ஆட்களை வாங்குவதும் விற்பதும் அவர் வேலை. புள்ளிவிவரம் படித்தவர். மனிதர்களோடு பேசும்போதும் பக்கத்துத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"கடைசி நாளுக்கு மேற்குக்கரைக்கு ஒரு சீட் ரெடியா வைங்க நார்ப். ரெண்டு இளம் பந்துவீச்சாளர்களைத் தர்றேங்கறாங்க. ரெண்டு பேர்! அந்த முழங்காலுக்கு! அந்த 'சி' மட்டும் இல்லேன்னா பழைய பந்து ஒரு பை கூடத் தர மாட்டாங்க."

"அவர் போக விரும்பல. உங்களுக்குத் தெரியும்தானே?"

"விருப்பத்துக்கு இதுல இடம் இல்லையே," என்று திரையைக் காட்டினார். உண்மையிலேயே இல்லை.

அன்று மாலை டெல் பயிற்சி முடிந்து வந்தார். இத்தனை வருஷப் பழக்கம், வாய் முந்திக்கொண்டது.

"உனக்கு ஜன்னல் பக்கமா, நடக்கற பக்கமா?" என்று கேட்டுவிட்டேன்.

டெல் பெஞ்சில் உட்கார்ந்து முகமூடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"முழங்கால் நீட்டணும். நடக்கற பக்கம்," என்றார்.

விட்காம்பிடம் போய்க் கேட்டுப்பார்க்கச் சொன்னேன். போனார். விட்காம்ப் எழுந்து வந்து இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "கேப்டன்தான் கப்பலை விட்டுக் கடைசியா இறங்குவார், டெல். கவலைப்படாதீங்க" என்றாராம். எங்கள் ஊரில் கேப்டன்தான் முதலில் இறங்குவார். ஆனால் அதை விட்காம்புக்கு யாரும் சொல்லவில்லை. ஐந்து தகடுகளிலும் ஆரம்ப வருஷமும் முடிவு வருஷமும் ஒன்றாகவே இருப்பதை அவர் அச்சுப் பிழை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

கடைசி வாரத்தில் மூன்று ஆட்டம் தொடர்ந்து தோற்றார்கள். பீன்ஸ் மாறவில்லை, காலுறை மாறவில்லை, பஸ் ஒழுங்காக வழி தவறியது. என்ன குறை என்று கண்டுபிடிக்க, கெடுவுக்கு முந்தின நாள் பயிற்சிக்குப் பிறகு ஆட்டக்காரர்கள் தங்கள் நீதிமன்றத்தைக் கூட்டினார்கள். எல்லா அணியிலும் இருக்கிற வேடிக்கைதான்: காலுறை மாற்றிப் போட்டவன், பேட்டியில் அழுதவன், ஓட்டலில் சோப்பு திருடியவன் எல்லோருக்கும் அபராதம் போடுவார்கள். அன்று நீதிபதி வில்கின். தரை துடைக்கும் மாப்பின் தலையைக் கழற்றித் தன் தலையில் வைத்திருந்தான். அதைத் துவைத்த மாதிரி தெரியவில்லை.

"குற்றவாளி டெல்மர் ஹைன்ஸ்," என்றான். "கேப்டன்னு எழுதி மாட்டிக்கிட்டு ஒரு வேலையும் செய்யல. தோத்துக்கிட்டே இருக்கோம். என்ன சொல்ற?"

"ஒத்துக்கறேன்."

"எதிர்த்து வாதாடு பெருசு. சட்டுனு ஒத்துக்கிட்டா எங்களுக்கு என்ன பொழுதுபோக்கு?"

டெல் எழுந்தார். எழ நேரமானது.

"நாளைக்கு என்னை வித்துருவாங்க. நான் போக விரும்பல," என்றார். "கோரின் வர மாட்டா. வரச் சொல்லிக் கேக்கவும் எனக்கு முகம் இல்ல. நான் இந்த ஊர்லயே இருக்கணும். அவ்வளவுதான்."

அந்த அறையில் யாரும் இப்படிப் பேசியதில்லை. மாற்றிவிட்டார்கள் என்றால் 'இது தொழில்' என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்குவதுதான் முறை. பலருக்குத் திடீரென்று தங்கள் ஷூ கயிற்றில் கவனம் போயிற்று. வில்கின் மாப்பைச் சரிசெய்துகொண்டான்.

"அது இருக்கட்டும்," என்றான். "நாம ஏன் தோக்கறோம்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இந்த ஆளு கேட்சர். மார்புல கவசம் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கான். 'சி' கவசத்துக்கு அடியில அமுங்கிக் கிடக்கு. அதிர்ஷ்டம் எப்படி வெளிய வரும்?"

யாரோ ஆமாம் என்றார்கள். அறை முழுவதும் தலையாட்டியது. பாதிப் பேர் முப்பது தாண்டிய குடும்பஸ்தர்கள், சிலர் கல்லூரியும் முடித்தவர்கள்.

"அதனால தீர்ப்பு: நாளைக்கு எல்லாருக்கும் 'சி'. எல்லார் மார்புலயும். அதிர்ஷ்டத்துக்கு வழி விட்ட மாதிரி ஆச்சு." மாப்பைக் கழற்றினான். "அப்புறம், எல்லாரும் கேப்டன்னா எந்தக் கேப்டன விப்பாங்க? அது நம்ம கவல இல்ல. நம்ம கவல அதிர்ஷ்டம்."

எழுத்துக்குப் பஞ்சம் இல்லை. ஒரே ஒரு 'சி' யாரும் விற்பதில்லை என்பதால் விட்காம்ப் ஒரு பெட்டி நிறைய வாங்கியிருந்தார். சூடாக்கி அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். மறுநாள் காலை ஆட்டக்காரர்கள் இஸ்திரிப் பெட்டி முன்னால் வரிசையில் நின்றார்கள். டூலியும் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

பிற்பகல் ஆட்டம். ஒன்பது கேப்டன்கள் மைதானத்துக்குள் ஓடினார்கள். மிச்சக் கேப்டன்கள் பெஞ்சில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை துப்பினார்கள். முதல் இன்னிங்ஸிலேயே ஒரு தகராறு. நடுவர் முகமூடியைத் தூக்கிவிட்டு, "கத்தாதீங்கய்யா! இங்க யார் கேப்டன்?" என்று கேட்டார். ஒன்பது கைகள் உயர்ந்தன. நடுவர் கொஞ்ச நேரம் ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் விட்காம்பின் மாடத்தில் இருந்தேன், டிக்கெட் சட்டைப் பையில். ட்ரெவர் மூலையில் போனும் கையுமாக. விட்காம்ப் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இவ்வளவு எழுத்துகளை ஒரே நேரத்தில் அவர் எதிர்பார்க்கவில்லை. தொலைக்காட்சிப் பெண் மைக்கை நீட்டியதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இதுதான் மில்ஹேவன் மரபு," என்றார், நாடு முழுவதும் போகிற நேரடி ஒளிபரப்பில். "இங்க கேப்டன்ங்கறது ஒரு ஆள் இல்ல. ஒருத்தரை ஒசத்தி மத்தவங்களைத் தாழ்த்தறது எங்க வழக்கமே கிடையாது. எங்ககிட்ட எல்லாரும் கேப்டன். ஒருத்தருக்கொருத்தர் ஒரு நூல்கூட வித்தியாசம் இல்ல!"

ட்ரெவரின் போன் அடித்தது. அவர் முகத்தில் நான் முதல்முறையாக ஓர் உணர்ச்சியைப் பார்த்தேன்.

"இல்ல, இல்ல, அவர் சும்மா உணர்ச்சிவசப்பட்டு... இல்ல, ஹைன்ஸ்தான் நிஜமான... கேளுங்க, அது வெறும்... ஆமா, முதலாளிதான் சொன்னார். ஆமா, நேரடி ஒளிபரப்புதான்." எதிர்முனை ஏதோ சொன்னது. "ஒரு பந்துவீச்சாளராவது?... சரி, அரை... அரை ஆள் இல்லைன்னு எனக்கும் தெரியும்."

போனை வைத்தார். மணி நாலரை. நான் டிக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். வாழ்க்கையில் ஒரு டிக்கெட்டை ரத்து செய்ய இவ்வளவு ஆசைப்பட்டதில்லை. கீழே டெல் குந்தி உட்கார்ந்திருந்தார், கவசத்துக்கு அடியில் அவருடைய எழுத்து எப்போதும்போல யாருக்கும் தெரியாமல். எட்டாவது இன்னிங்ஸில் வில்கின் மூன்றாவது தளத்துக்குப் பின்னால் குப்புறப் பாய்ந்து ஒரு பந்தைப் பிடித்து, விழுந்த நிலையிலேயே எறிந்து ஓர் ஆளை வெளியேற்றினான். எழும்போது மார்பு முழுக்க மண். அந்தச் சிவப்பு எழுத்து மட்டும் பளிச்சென்று தெரிந்தது. கேமரா அதையே ரொம்ப நேரம் காட்டியது.

படகோட்டிகள் ஜெயித்தார்கள். ட்ரெவரின் போன் மறுபடி அடித்தது. இந்த முறை அவர் அதிகம் பேசவில்லை. "முழங்கால்? ரெண்டும் நல்லா இருக்கு" என்றார். "ஆமா, அவனும் கேப்டன்தான். நீங்களே பார்த்தீங்களே." பிறகு, "மூணு பேரா?" என்றார். எனக்கும் மூன்று விரலைத் தூக்கிக் காட்டினார்.

கெடு முடியக் கொஞ்ச நேரம் இருந்தபோது என் பக்கம் திரும்பினார். "நார்ப், அந்த டிக்கெட்டுல பேரை மாத்திடுங்க."

விமானக் கம்பெனிகள் பெயர் மாற்ற ஒத்துக்கொள்வதில்லை. ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். அல்மோன்டே, வில்கின். ஜன்னல் பக்கம், இளம் வயதுக்காரர்கள் வெளியே பார்க்க விரும்புவார்கள்.

கீழே போனபோது அவன் இடுப்பில் துண்டோடு ஈரமாக நின்றுகொண்டிருந்தான். டூலி விஷயத்தைச் சொல்லி முடித்திருந்தார். அறை மறுபடியும் இழவு வீட்டுக் குரலுக்குப் போயிருந்தது.

"கேப்டனாவா வாங்கிருக்காங்க?" என்று கேட்டான் வில்கின்.

"கேப்டனாத்தான்," என்றேன்.

"எங்கம்மாவுக்குச் சொல்லணும். ஒரு நாள் பதவி, அதுக்குள்ள ஏற்றுமதி." சிரித்தான். பிறகு லாக்கர் பக்கம் திரும்பி நின்று, தேவைக்கு அதிகமான நேரம் தலை துவட்டினான்.

விமான நிலையத்துக்கு நான் டாக்ஸி சொல்வதுதான் வழக்கம். போனை எடுத்தபோது டெல் என் கையைத் தாழ்த்தினார். "நான் கொண்டுபோய் விடறேன்."

கோரினின் சின்ன லாரி. உள்ளே குதிரை வாசனை. வில்கின் முன்னால், பைகளோடு நான் பின்சீட்டில். வண்டி பாலத்தைத் தாண்டியது.

"என்னாலதான்டா," என்றார் டெல்.

"ஆரம்பிச்சுட்டியா!" என்றான் வில்கின். "உன்னை வாங்க கடைக்கு வந்தான். பக்கத்துல நல்ல சரக்கு இருக்கறதப் பார்த்தான். எடுத்துக்கிட்டான். இதுல உன் பெருமை என்ன இருக்கு?"

"நீ அந்தத் தீர்ப்பைச் சொல்லாம இருந்திருந்தா..."

"பெருசு, எனக்கு இங்க சோபா ஒண்ணு, டிவி ஒண்ணு. அதையும் வாடகைக்கு எடுத்திருக்கேன். எனக்கு மீன் சந்தைப் பக்கத்துல டாக்டர் பொண்டாட்டி கிடையாது. ரோட்டைப் பார்த்து ஓட்டு."

கொஞ்ச தூரம் போன பிறகு, ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "ஆனா இந்த ஊரு பரவால்ல. பழகிடுச்சு."

விமான நிலையத்தில் டெல் இறங்கி, அவனுடைய பெரிய பையைத் தானே தூக்கிக்கொண்டார். வில்கின் பிடுங்கப் பார்த்தான், விடவில்லை. அந்த முழங்கால்களோடு கவுன்டர்வரை சுமந்துகொண்டு போனார். வரிசையில் நின்றவர்கள் வழி விட்டார்கள். கைப்பிள்ளைக்காரி ஒருத்தி, "பெரியவரே, உக்காருங்க" என்று எழுந்து இடம் கொடுத்தாள். வில்கின் சிரித்த சிரிப்பில் காவலர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் எல்லாச் சட்டையிலிருந்தும் எழுத்தை உரித்தெடுத்தார்கள், டெல்லுடையது தவிர. தன்னுடையதையும் எடுத்துவிடச் சொன்னார். விட்காம்ப் மரபைச் சொல்லி மறுத்துவிட்டார். அணி ஒழுங்காகக் கடைசி இடத்துக்குத் திரும்பியது. பருவம் முடிந்து டெல்லுக்கு ஐந்து வருஷம் நிறைவானது. கோரின் சமையலறைக்குப் பெயின்ட் அடித்தாள். அது நிதானமாகக் காய்ந்தது. ஹாட் டாக் கடைக்கு முன்னால் ஆறாவது தகட்டில் கோட்டுக்குப் பிறகு இன்னமும் ஒன்றும் இல்லை. கடுகுச் சாந்துதான் சொட்டுகிறது.

ஆனால் ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து டெல் தன் காரை வெயிலில் நிறுத்தத் தொடங்கினார். மேப்பிள் மரத்தடி காலியாகவே கிடந்தது. வில்கினுக்குப் பதிலாக வந்த மூன்று பந்துவீச்சாளர்களில் ஒருவன், வந்த முதல் நாளே அதைக் கவனித்துவிட்டான்.

"சார், அந்த நிழல் இடம் சும்மாத்தானே கிடக்கு? நான் விட்டுக்கட்டுமா?"

டெல் சட்டையில் 'சி' இருந்தது. அவன் அதைப் பார்த்துத்தான் மரியாதையாகக் கேட்டான்.

"முடியாதுப்பா," என்றார் டெல். "அது கேப்டனோட இடம்."